நாவலூரிலிருந்து நாக்பூர்: கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை



"தீக்ஷாபூமி போகணும், எப்படிப் போறது, எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும் மாணவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, போன ஆண்டு நாங்கள் பதினான்கு பேர் போய்வந்த பயணத்தை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நாவலூர், தாழம்பூர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளில் மாலை வகுப்பு நடத்தும் நாங்கள் ஐந்து பேர், எங்களிடம் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஐந்து பேர் பெண்கள். எட்டு நாள் பயணம்: நாக்பூர், மும்பை, மகாத், புனே.

எங்கள் ஊரைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஓ.எம்.ஆரில் நாவலூரைக் கடப்பவர்களுக்குக் கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரியும். அந்தச் சாலையில் இருக்கும் அடுக்குமாடிகளுக்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள்தான் எங்கள் மாணவர்கள். அவர்களில் ஒரு தம்பி உணவு டெலிவரி செய்கிறான். ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டுவான். அடையாறிலிருந்து கேளம்பாக்கம் வரை எந்தச் சந்து எங்கே முடியும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் தனக்காக, தன் விருப்பத்துக்காக, அவன் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை. பிறருடைய சாப்பாட்டைச் சுமந்து ஓடுவதும் பயணம் செய்வதும் ஒன்றல்ல.

சமூகவியல் வகுப்பில் 'சமூக நகர்வு' என்று ஒரு பாடம் உண்டு. தொழில், வருமானம், கல்வி ஆகியவற்றில் ஒருவர் மேலே போவதைப் பற்றி அதில் பக்கம் பக்கமாகப் படித்தோம். அதற்கு முன்னால் உடம்பின் நகர்வு இருக்கிறது: எந்தத் தெருவில் நடக்கலாம், எந்த வண்டியில் ஏறலாம், எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பது. சாதி முதலில் கை வைத்தது அதன் மேல்தான். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தெருவை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-இல்தான் இடிக்கப்பட்டது. ஆகவே நம் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு ரயில் ஏறுவதை வெறும் சுற்றுலா என்று நாங்கள் பார்க்கவில்லை.

நமக்கு முன்னே போனவர்கள்

நாம்தான் முதலில் கிளம்புகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போய் பௌத்தம் ஏற்றுத் திரும்பினார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். திரும்பி வந்து சென்னைச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தபோது, 1924-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் எதைப் பற்றியது தெரியுமா? பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது. கடல் கடந்து போய்வந்த மனிதர் சொந்த மண்ணில் தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்க வேண்டியிருந்தது. 1930-இல் அவரும் பாபாசாகேப் அம்பேத்கரும் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனார்கள்.

பயணத் திட்டம் என்றால் என்ன என்பதை பாபாசாகேப்பிடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தலைப்பில் அவர் எழுதிய சிறிய நூலின் முதல் அனுபவம் ஒரு பயணம்தான். 1901 வாக்கில், சதாராவில் இருந்த சிறுவன் பீமாராவ், அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும், கோரேகாவ்னில் வேலை பார்த்த அப்பாவிடம் கோடை விடுமுறைக்குப் போகிறான். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, கையில் பணம், கட்டுச்சோறு, ரயில் டிக்கெட் எல்லாம் தயார். வரும் நாளைக் குறிப்பிட்டு அப்பாவுக்குக் கடிதமும் போட்டாயிற்று. ஆனால் கடிதம் அப்பா கைக்குப் போய்ச் சேரவில்லை. மசூர் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக ஆள் இல்லை. பிள்ளைகள் மகார்கள் என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. எந்த மாட்டுவண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளத் தயாரில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொள்கிறார்: இரட்டை வாடகை தர வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். கையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் பட்டினி கிடக்கிறார்கள். நள்ளிரவில் சுங்கச்சாவடியில் கேட்டும் தண்ணீர் கிடைக்கவில்லை.

இதை எங்கள் வகுப்பில் வாசித்துவிட்டு ஒரு கேள்வி வைத்தோம்: "அந்தப் பிள்ளைகளின் திட்டத்தில் என்ன குறை?" யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு தங்கை சொன்னாள்: "ஒரு குறையும் இல்லக்கா. வேற பிள்ளைங்களா இருந்தா அந்தக் கடிதம் போகலைன்னாலும் வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்க." அவ்வளவுதான் விஷயம். மற்றவர்களுக்குத் திட்டம் தவறினால் கொஞ்சம் சிரமம். நமக்குத் திட்டம் தவறினால் அந்த ஊரின் தயவில் நிற்க வேண்டும். ஆகவே நம் திட்டத்தில் இன்னொரு அடுக்கு வேண்டும்.

அமெரிக்காவில் கருப்பின மக்கள் இதே பாடத்தைப் புத்தகமாகவே போட்டார்கள். நியூயார்க் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் 'கிரீன் புக்' என்ற பயணக் கையேட்டைத் தொடங்கினார். அவ்வளவு பெரிய கண்டத்தில் காரில் போகும் ஒரு கருப்பினக் குடும்பத்துக்கு எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்கும், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல் அது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெளிவந்தது. இந்தக் கையேடு தேவைப்படாத ஒரு காலம் வரும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. நம்மிடம் அப்படி அச்சான கையேடு இல்லை. நாம் ஒருவருக்கொருவர் வாய்வழியாகச் சொல்வதுதான் நம் கையேடு. இந்தக் கட்டுரையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் விடுவார்களா?

டிக்கெட்டுக்கு முன்னால் வரும் கேள்வி இது. ஒன்பது வீடுகளுக்கும் நேரில் போனோம். ஒரு அம்மா கேட்டார்: "நான் போய் அங்க என்ன பார்க்கணும்னு சொல்லு. அப்புறம் பொண்ணை அனுப்பலாமா வேணாமான்னு பார்க்கறேன்." 1956 அக்டோபர் 14 அன்று பாபாசாகேப் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்ற இடம் அது என்று சொன்னோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராத்திரியில எங்க படுப்பீங்க, அதைச் சொல்லு" என்றார். சரியான கேள்வி. எட்டு இரவுகளுக்கும் எங்கே படுக்கிறோம், யார் பொறுப்பு, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தோம். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை வீட்டோடு பேசுவது என்று முடிவானது. வரலாற்றைச் சொல்லிப் பிள்ளைகளின் மனதைத் தொடலாம். பெற்றோருக்கு அந்தத் தாள்தான் தைரியம் கொடுத்தது.

அடுத்தது பணம். பத்து மாதத்துக்கு முன்பே வாரம் நூறு ரூபாய் சேர்க்க ஆரம்பித்தோம். வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் அதிகம் போட்டோம். எட்டு நாள் சம்பளம் போகும் அந்த டெலிவரி தம்பிக்கு நாங்கள் பகிர்ந்து ஈடு செய்தோம். இதை உதவி என்று யாரும் சொல்லக் கூடாது, பயணச் செலவில் ஒன்றாக எழுத வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தோம். கணக்கு நோட்டை ஒரு மாணவியே வைத்திருந்தாள்.

டிக்கெட்

தீக்ஷாபூமியில் பெருங்கூட்டம் கூடுவது விஜயதசமி அன்றும் அக்டோபர் 14 அன்றும். 1956-இல் அந்த நாள் அசோக விஜயதசமியாக அமைந்தது. நம் ஊரில் ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை இருப்பதால் மாணவர்களுக்கு அது வசதி. ஆனால் ஊருக்குப் போகும் கூட்டமும் அப்போதுதான். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்தான் திறக்கிறது. முன்பு 120 நாட்கள். திறக்கும் நாள் காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் என்பதால் பதினான்கு பேருக்கு மூன்று டிக்கெட். ஒவ்வொன்றிலும் பெரியவர் ஒருவராவது இருக்கும்படி பிரித்தோம். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இணையவழி டிக்கெட் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும், அதை நம்பிக் கிளம்ப முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: கல்விச் சுற்றுலாவுக்கோ சொந்த ஊருக்கோ போகும் மாணவர்களுக்கு ரயில்வே கட்டணச் சலுகை இருக்கிறது. இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பொதுப் பிரிவு மாணவர்களுக்கு 50 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 விழுக்காடு. கல்வி நிறுவனத் தலைவர் கையெழுத்திட்ட படிவத்தோடு தாம்பரம் போன்ற நிலையத்தின் முன்பதிவு கவுன்ட்டரில் எடுக்க வேண்டும். தட்கலில் இந்தச் சலுகை கிடையாது.

எங்கள் மாணவர்கள் நான்கு பேர் இந்தப் படிவத்துக்காகத் தங்கள் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த ஊழியர், வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கேட்கும்படி, "எஸ்.சி. கன்செஷனா?" என்று கேட்டார். ஒரு மாணவன் படிவத்தை வாங்காமலே திரும்பிவிட்டான். மறுநாள் நான்கு பேரும் சேர்ந்து போனார்கள். "ஆமா சார், எஸ்.சி. கன்செஷன்தான். நாலு படிவம்" என்று அதே சத்தத்தில் கேட்டு வாங்கினார்கள். தனியாகப் போகாதீர்கள், சேர்ந்து போங்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு உபாயம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஒத்திகை

நேரடியாக 1,100 கிலோமீட்டர் போகாமல், இரண்டு மாதம் முன்பு ஒரு நாள் ஒத்திகை பார்த்தோம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பேருந்தில் மதுராந்தகம், அப்படியே கோழியாளம். யாருக்கு வண்டியில் தலைசுற்றும், யார் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், யார் கூட்டத்தில் விலகிப் போவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிட்டது. பெண் பிள்ளைகள் மூன்று பேர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்கவில்லை. எனவே நீண்ட பயணத்தில் எந்தெந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் வண்டி நிற்கும், தங்குமிடத்தில் கழிப்பறை எப்படி என்பதை முன்கூட்டியே விசாரித்துப் பட்டியல் போட்டோம். நாப்கின், மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லாம் பொதுப் பையில். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்.

ரயிலுக்குள்

சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் மறுநாள் மதியத்துக்கு மேல் நாக்பூர். கூடூர், விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா என்று போகும் வழியில் மொழி மாறிக்கொண்டே வரும். நம் பெயர்களும் மாறும். இங்கே பறையர், பள்ளர், அருந்ததியர். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மாலா, மாதிகா. மகாராஷ்டிரத்தில் மகார், மாங். வேலையும் வசையும் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி.

எங்கள் குழுவில் ஒரு அருந்ததியர் தங்கை. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பள்ளிக்கூடத்தில் அதைக் கிண்டல் செய்ததால் வெளியில் ஒரு வார்த்தை தெலுங்கு பேச மாட்டாள். விடிந்த பிறகு ஏறிய ஒரு தெலுங்குக் குடும்பத்தோடு இருக்கை எண் பற்றி வாக்குவாதம் வந்தது. எங்கள் யாருக்கும் புரியவில்லை. அவள்தான் மேல் படுக்கையிலிருந்து இறங்கி வந்து பேசித் தீர்த்தாள். அதன் பிறகு மகாராஷ்டிர எல்லை வரும்வரை அவள்தான் எங்கள் வாய். எந்த மொழியை மறைக்கச் சொன்னார்களோ அது அன்று பதினான்கு பேருக்கும் பயன்பட்டது.

கிளம்பும் முன் நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட விதிகளில் முதல் விதி இது: யாருடைய சாதியையும் இன்னொருவர் சொல்லக் கூடாது. ரயிலில் பேச்சுக் கொடுப்பவர்கள் ஊர் கேட்பார்கள், படிப்பு கேட்பார்கள், பிறகு 'சர்நேம்' கேட்பார்கள். நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு நிற்கிறோம். வடக்கே போனால் அந்த முதல் எழுத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்று தோண்டுவார்கள். பூரி பகிர்ந்து தந்த ஒரு பெரியவர், தீக்ஷாபூமி என்ற பெயரைக் கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாக்பூர் வரை திரும்பவில்லை. சிலர் நிமிர்ந்து பதில் சொல்ல விரும்புவார்கள். சிலருக்கு அன்று அந்தத் தெம்பு இருக்காது. இரண்டும் அவரவர் உரிமை. ஒருவருடைய துணிச்சலுக்காக இன்னொருவரை அம்பலப்படுத்தக் கூடாது.

புகைப்படத்துக்கும் இதே விதிதான். வாடகை வீட்டுக்காரர் பார்ப்பார், வேலை கொடுத்தவர் பார்ப்பார் என்று பயப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒப்புதல் இல்லாமல் யாருடைய முகத்தையும் எந்தச் செயலியிலும் ஏற்றவில்லை. "போராளிக்கு எதற்குப் பயம்?" என்று வசனம் பேசுவது சுலபம், வாடகை வீடு தேடித் தெருத் தெருவாக அலைவது வேறு.

கதவு சாத்தப்பட்டால்

நாக்பூரில் எங்களுக்குச் சிரமமே இல்லை. இந்தோரா பகுதியில் ஒரு பௌத்த விகாரையில் தங்க அங்குள்ள தோழர்கள் மூலம் முன்பே ஏற்பாடு செய்திருந்தோம். எந்தக் கடையில் "ஜெய்பீம்" என்றாலும் திரும்ப "ஜெய்பீம்" வந்தது. மொழி தெரியாத மண்ணில் அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. திடலில் யாரோ ஒருவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் திணிக்கிறார். புத்தகக் கடைகள் வரிசையாகக் கண்ணுக்கெட்டிய வரை. கிராமத்துப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிப் பையில் வைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒதுக்கிய துணிக் காசையும் புத்தகத்துக்கே செலவழித்தார்கள். அதே விஜயதசமி அன்று ஆர்.எஸ்.எஸ். தன் ஆண்டு விழாவையும் நாக்பூரில்தான் நடத்துகிறது. அன்று நகரில் போக்குவரத்து மாற்றங்கள் இருக்கும், எந்தச் சாலையில் போகலாம் என்று உள்ளூர்த் தோழர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிரமம் வந்தது வேறொரு ஊரில். மகாராஷ்டிரத்தில்தான், ஊர்ப் பெயரும் விடுதிப் பெயரும் இங்கே வேண்டாம். நான்கு அறைகள் பணம் கட்டிப் பதிவு செய்திருந்தோம். இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலாளர் எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கினார். பைகளில் தொங்கிய நீலக்கொடியைப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தார். பிறகு அறை இல்லை என்றார். பதிவு உறுதியான ரசீதைக் காட்டினோம். கணினியில் ஏதோ கோளாறு என்றார். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்குச் சாவி கொடுத்தார்.

மாணவி ஒருத்தி கொதித்துப் போனாள். "அக்கா, இங்கேயே உட்காருவோம். நாம என்ன பிச்சையா கேட்கறோம்?" அவள் சொன்னதில் தவறே இல்லை. அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்து வைக்கிறது. 1955-இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் தீண்டாமை காரணமாக விடுதியில் இடம் மறுப்பதைக் குற்றம் என்கிறது. 19(1)(ஈ) பிரிவு நாடு முழுவதும் தடையின்றி நடமாடும் உரிமையைக் கொடுக்கிறது. எல்லாம் சரி. ஆனால் மணி ஒன்பதரை, தெரியாத ஊர், காலையிலிருந்து பேருந்தில் வந்த பிள்ளைகள்.

அங்கேதான் திட்டத்தின் அந்த இன்னொரு அடுக்கு உதவியது. ஒவ்வொரு ஊரிலும் முதல் தங்குமிடம் போக இரண்டாவது முகவரி ஒன்று எங்கள் தாளில் இருந்தது. அந்த ஊரில் அது ஒரு தொழிற்சங்கத் தோழரின் வீட்டு மாடி. தொலைபேசியில் கூப்பிட்டோம், அரை மணி நேரத்தில் இரண்டு ஆட்டோவோடு வந்துவிட்டார். கிளம்பும் முன் ரசீது, நேரம், மேலாளர் சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். மறுநாள் காலை உள்ளூர்த் தோழர்கள் நான்கு பேரோடு திரும்பிப் போனோம். அறை மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டோம். எழுதித் தர மறுத்தார். பணத்தை முழுவதும் திருப்பித் தந்தார். எழுதிய புகாரை உள்ளூர்த் தோழர்களிடம் ஒப்படைத்திருக்கிறோம், அதன் முடிவு வரும்போது தனியே எழுதுவோம்.

இரவெல்லாம் அந்த மாணவி தூங்கவில்லை. "நாம ஓடி வந்துட்டோமா?" என்று கேட்டாள். இல்லை. போக இடமில்லாமல் அங்கே நிற்பது ஒன்று, இருக்க இடம் பார்த்துவிட்டு மறுநாள் வெளிச்சத்தில் ஆள் சேர்த்து வந்து கேட்பது இன்னொன்று. முதலாவதில் நேரத்தையும் இடத்தையும் அவர்கள் முடிவு செய்கிறார்கள். இரண்டாவதில் நாம் முடிவு செய்கிறோம். 1929-இல் சாலிஸ்காவ்னில் பாபாசாகேப்பை ஏற்றிப் போகக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்ததால், ஓட்டத் தெரியாத ஒருவர் வண்டியை ஓட்ட, சிறு பாலத்தில் விபத்தாகி அவர் கால் முறிந்தது. சட்டம் படித்து வந்த பாரிஸ்டர் அவர். உரிமை தெரிந்திருப்பது மட்டும் உடம்பைக் காப்பாற்றாது, ஆளும் இடமும் வேண்டும்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியது

மாணவர்கள் அடிக்கடிக் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். பட்டியல் சாதிகளின் பட்டியல் 341-ஆவது பிரிவின்படி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து இன்னொரு மாநில அரசு வேலையில் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. அதனால் எல்லை தாண்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சில காவல் நிலையங்களிலும் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். 2023-இல் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதைத் தெளிவாக்கியது: சொந்த மாநிலத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு வேறு மாநிலத்திலும் உண்டு. சாதிச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கைபேசியிலும் ஒன்றைப் பையிலும் வைத்திருங்கள். வெளியே காட்டுவதற்கல்ல, தேவைப்பட்டால் எடுப்பதற்கு.

எந்தக் காவல் நிலையத்திலும், சம்பவம் நடந்த எல்லை எதுவாக இருந்தாலும், முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யக் கேட்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது அதுதான். அவசரத்துக்கு 112. ரயிலில் என்றால் 139. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566. இவற்றைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜ் தீர்ந்தால் தாள்தான் பேசும்.

மகாத் குளக்கரையில்

நாக்பூரிலிருந்து ஓர் இரவு ரயிலில் மும்பை. தாதரில் சைத்யபூமியும், பாபாசாகேப் புத்தகங்களுக்காகவே கட்டிய ராஜகிருஹமும் பார்த்தோம். அங்கிருந்து அரசுப் பேருந்தில் மகாத். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப்பும் ஆயிரக்கணக்கானோரும் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்த இடம். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்ததும் மகாத்தில்தான்.

குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது அந்த டெலிவரி தம்பி கேட்டான்: "அண்ணா, அப்போ பஸ்ஸு ரயிலு எல்லாம் இவ்வளவு கிடையாதே. ஆயிரக்கணக்கான பேர் எப்படி வந்தாங்க?" பெரும்பாலும் நடந்துதான். யார் வழியில் சாப்பாடு கட்டிக் கொடுத்தார்கள், எங்கே படுத்தார்கள், குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள், அடி வாங்கித் திரும்பியபோது யார் மருந்து போட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போனான். மாநாட்டுத் தீர்மானங்களை மட்டும் படித்த எங்களுக்கு அந்தக் கேள்விகள் முக்கியமாகப் பட்டன. ஓர் இயக்கத்தின் பாதி வேலை பயண ஏற்பாடுதான். சோறு, தண்ணீர், படுக்கை, திரும்பி வரும் வழி. அதைச் செய்தவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை, பலர் பெண்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

புனேயில் ஜோதிராவ், சாவித்ரிபாய் பூலே வாழ்ந்த வீட்டைப் பார்த்துவிட்டுச் சென்னை ரயில் ஏறினோம். மும்பையிலிருந்து சென்னை வரும் ரயில்கள் பலவும் புனே வழியாகத்தான் வருகின்றன. எனவே திரும்பும் டிக்கெட்டைப் புனேயிலிருந்தே எடுத்தால் ஒரு நாள் மிச்சம்.

கிளம்புபவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறோம். 60 நாட்களுக்கு முன் டிக்கெட். ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு முகவரி. வீட்டுக்கு ஒரு தாள். ஒரு நாள் ஒத்திகை. பொதுக் கணக்கு நோட்டு. குடிக்கத் தண்ணீர், திரும்பி வரக் காசு ஆகிய இரண்டும் எப்போதும் கையிருப்பில். சாதி, புகைப்படம் இரண்டிலும் அவரவர் விருப்பம். மறுக்கப்பட்டால் முதலில் பாதுகாப்பு, அடுத்து பதிவு, மறுநாள் ஆள் சேர்த்துக் கேள்வி.

நாக்பூர் தூரம் என்றால் கோலார் தங்கவயலில் தொடங்குங்கள். நம் தாத்தா பாட்டிகள் சுரங்கத்தில் இறங்கிய, பண்டிதரின் தமிழ் பௌத்தம் வேர் பிடித்த மண் அது, ஓர் இரவுப் பயணம்தான். அதுவும் முடியாவிட்டால் கோழியாளம்.

எந்த ஊரில் எந்தத் தோழர் கதவைத் திறந்தார், எந்தக் கடையில் நிம்மதியாகச் சாப்பிட்டீர்கள், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதைப் போய்வந்த ஒவ்வொருவரும் எழுதி அடுத்து கிளம்பும் குழுவிடம் கொடுங்கள். எங்கள் தாளின் நகல் வேண்டுபவர்கள் மாலை வகுப்புக்கு வரலாம். இந்த மாதம் பெரும்பாக்கத்திலிருந்து பதினொரு பேர் கொண்ட அடுத்த குழு சேமிக்கத் தொடங்கியிருக்கிறது. கணக்கு நோட்டு இப்போது அவர்களிடம் இருக்கிறது.

ஜெய்பீம்.